கோபுரத்தில் எரிந்த கப்பல் விளக்கின் வரலாற்றைத் தேடுவது எப்படி

சர்ச் கோபுரத்து உச்சியில் அந்தக் காலத்தில் கப்பலுக்கு விளக்கு எரிந்ததாம் என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். அதோடு சேர்ந்து எரிந்த இன்னொரு விளக்கு எங்கே?

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே பல வருடம் ஆனது. கப்பலில் மூன்றாம் அதிகாரியாக இருந்தபோது அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறங்கினேன். சரக்கு ஏற்றி முடிய ஒரு பகல் முழுக்க இருந்தது. கால் போன போக்கில் நடந்ததில் சர்ச் ஸ்ட்ரீட் என்ற தெரு வந்தது. நேராகப் போய்க்கொண்டிருந்த தெரு ஓர் இடத்தில் வளைந்து ஒதுங்குகிறது. செயின்ட் பிலிப்ஸ் ஆலயத்தின் முன்மண்டபமும் கோபுரமும் தெருவுக்குள்ளேயே வந்து நிற்பதுதான் காரணம். எங்கள் ஊரில் தெரு தேருக்குத்தான் ஒதுங்கும். அங்கே கோபுரத்துக்கே ஒதுங்கியிருந்தது. வாசலில் நின்ற முதியவர், நான் கப்பல்காரன் என்று தெரிந்ததும், இதை லைட்ஹவுஸ் சர்ச் என்றும் சொல்வதுண்டு என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

விடுப்பில் ஊருக்கு வந்ததும் எங்கள் பங்குக் கோயில் ஆண்டு மலரில் எழுதிவிட்டேன். "1850-இல் எழுந்த அக்கோபுரம் அன்று முதல் கலங்கரை விளக்கமாய் நாற்றிசையும் ஒளி வீசியது" என்று. ஒரே வாக்கியத்தில் மூன்று தப்பு. கோபுரம் 1850-இல் முடிந்தது என்பது சரி. ஆனால் விளக்கு ஏறியது 1893-இல், எரிந்தது 1915 வரை. அது கலங்கரை விளக்கமும் அல்ல. நாற்றிசையும் ஒளி வீசுவது அதன் வேலையும் இல்லை; அதற்கு இருந்தது ஒரே ஒரு திசைதான். அந்த மலர் இன்றும் எங்கள் ஊர் நூலகத்தில் இருக்கிறது. யாரும் எடுத்துப் படிக்காமல் இருந்தால் நல்லது.

சரி, அந்தத் தப்புகளைத் திருத்தப் போய் நான் கற்றுக்கொண்ட முறை இது. சார்ல்ஸ்டனை வைத்தே சொல்கிறேன். வேறு துறைமுகத்துக்கும் இதே வழிதான்.

முதலில் மொட்டைமாடி

ஏட்டைப் புரட்டுவதற்கு முன் விளக்கின் வேலை கண்ணுக்குப் புரிய வேண்டும். இருட்டிய பிறகு மாடிக்கு இரண்டு டார்ச் எடுத்துப் போங்கள். ஒன்றை மாடியின் ஒரு முனையில் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் வையுங்கள். இன்னொன்றை அதற்கு நாலைந்து அடி பின்னால், தலை உயரத்தில் வையுங்கள்; தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்தால் வசதி. இப்போது எதிர் முனைக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். மேல் விளக்கு கீழ் விளக்குக்கு நேர் மேலே தெரியும் இடம் ஒன்றே ஒன்றுதான். ஓர் அடி வலது பக்கம் நகருங்கள். மேல் விளக்கு வலது பக்கம் விலகும், கீழ் விளக்கு இடது பக்கம் போகும். திரும்ப நேர்க்கோட்டுக்கு வர நீங்கள் இடது பக்கம் நகர வேண்டும், அதாவது கீழ் விளக்கு போன பக்கம். கீழ் விளக்கைத் துரத்து, மேல் விளக்கு தானாக வந்து சேரும். கடலில் சுக்கான் பிடிப்பவனுக்கு இதுவே பாடம். பிரிட்டிஷ் வழக்கில் படித்த நாங்கள் இந்த ஜோடியை லீடிங் லைட் என்போம், அமெரிக்கர்கள் ரேஞ்ச் லைட் என்பார்கள். தேடும்போது இரண்டு சொல்லையும் போட்டுத் தேடுங்கள். எனக்கு ஒரு வருடம் வீணானதே இந்தச் சொல் தெரியாமல்தான்.

கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன் நான். எனக்கு இது மாடியில் வைத்துப் புரிய வேண்டிய விஷயமே இல்லை. என் தாத்தா கட்டுமரத்தில் போய், மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டான பாரைக் கண்டுபிடித்ததே இப்படித்தான். கோயில் குருசடியின் உச்சியும், அதற்குப் பின்னால் தூரத்து மலையின் ஒரு முடியும் ஒன்றன்மேல் ஒன்று வரும்வரை துழாவுவார். அது ஒரு கோடு. பக்கவாட்டில் இன்னொரு ஜோடி, இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் தூண்டிலை இறக்குவார். கணியம் என்பார்கள். கரையில் நிற்கும் கோபுரம் அவருக்குச் சாமி கும்பிடவும் ஆயிற்று, மீன் பிடிக்கவும் ஆயிற்று. சார்ல்ஸ்டன் விளக்கு அதே கணியத்துக்கு இரவு நேர ஏற்பாடு. பரீட்சைக்கு லீடிங் லைட் படித்தபோதும் எனக்குத் தாத்தா நினைவு வரவில்லை, ஆண்டு மலருக்கு எழுதியபோதும் வரவில்லை.

வரைபடத்தில் ஸ்கேல் வையுங்கள்

கோபுரம் தெரியும். ஜோடி எது? சார்ல்ஸ்டனில் கடல் பக்கம் தாழ்வாக எரியும் முன்விளக்கு இருந்தது துறைமுக வாயிலில் நிற்கும் ஃபோர்ட் சம்டர் கோட்டையில். 1861-இல் உள்நாட்டுப் போரின் முதல் குண்டு விழுந்ததே அந்தக் கோட்டைமேல்தான். பின்விளக்கு கோபுரத்தில்.

கணினியில் ஏதாவது வரைபடத்தைத் திறந்து செயின்ட் பிலிப்ஸிலிருந்து சம்டர் வரை ஒரு கோடு போடுங்கள். ஏறக்குறைய 6 கிலோமீட்டர் வரும். அந்த நேர்க்கோட்டை அப்படியே கிழக்கு தென்கிழக்காகக் கடலுக்குள் நீட்டுங்கள். வாயிலின் இரு பக்கமும் கல்லடுக்கிய நீளமான அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் ஓடுவதைப் பார்ப்பீர்கள். கோடு அவற்றின் நடுவே வெளியேறும். வெளியிலிருந்து வரும் கப்பலுக்குத் திருப்பிச் சொன்னால் சுமார் 300 டிகிரி, அதாவது வடமேற்குக்கும் மேற்குக்கும் இடையே. இந்த ஒரு கோடு கிடைத்துவிட்டால் பாதி வரலாறு கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் அடுத்த கேள்வி தானாக எழும்: அந்தச் சுவர்களை எப்போது கட்டினார்கள்? சார்ல்ஸ்டன் வாயில் மணல்திட்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கும் இடம். எங்கள் தேங்காய்ப்பட்டணம் பக்கத்து ஆற்றுமுகம் மாதிரி, போன வருடம் போன வழி இந்த வருடம் இருக்காது. 1878-இல் இரு சுவர்களையும் கட்டத் தொடங்கினார்கள், 1890களின் நடுவில் வேலை முடிந்தது. சுவர்களுக்கு நடுவே ஓடும் நீரே மணலை அரித்துப் புதுக் கால்வாயை ஆழமாக வைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. கோபுரத்து விளக்கின் ஆண்டு 1893 என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் முதலில் கோபுரத்தை மட்டும் பார்த்தபோது, 43 வருடம் சும்மா நின்ற கோபுரத்தில் திடீரென்று ஏன் விளக்கு என்று புரியவே இல்லை. விடை கோபுரத்தில் இல்லை, கடலுக்கு அடியில் இருந்தது.

சரி, அந்தக் கோடு எவ்வளவு கூர்மை என்று ஒரு சின்னக் கணக்கு போடுங்கள், சுவையாக இருக்கும். சம்டருக்கு வெளியே 6 கிலோமீட்டரில் கப்பல் வருகிறது. கோபுரம் அதற்கு 12 கிலோமீட்டர். கப்பல் அந்த நேர்க்கோட்டிலிருந்து 50 மீட்டர் விலகிவிட்டது. முன்விளக்கின் திசை மாறுவது 50-ஐ 6000-ஆல் வகுத்த அளவு, பின்விளக்குக்கு 50-ஐ 12000-ஆல் வகுத்த அளவு. வித்தியாசம் கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவு. முழுநிலாவின் அகலம் அரை டிகிரி. ஆக 50 மீட்டர் பிசகினால் இரண்டு விளக்குகளும் பாதி நிலா அகலத்துக்கு விலகித் தெரியும். வெறுங்கண்ணால் பார்க்கலாம். விளக்குகளுக்கு இடையே தூரம் கூடக் கூடத்தான் இந்தக் கூர்மை. பின்விளக்கை அவ்வளவு தள்ளி ஊருக்குள் வைத்தால் முன்விளக்குக்கு மேலே தெரிய உயரம் வேண்டும். புதுக் கோபுரம் கட்டுவதைவிட, ஏற்கெனவே 200 அடி நிற்கும் ஒன்றில் ஏறுவது மலிவு.

இனி ஏடுகள்

அமெரிக்க விளக்குகளுக்கு இது எளிது. யார் பொறுப்பில் இருந்தது என்பதை வைத்துத் தேட வேண்டும். 1852 முதல் 1910 வரை லைட்ஹவுஸ் போர்டு, அப்புறம் 1939 வரை லைட்ஹவுஸ் சர்வீஸ், அதற்குப் பிறகு கோஸ்ட் கார்டு. நம் விளக்கு 1893–1915 என்பதால் முதல் இரண்டு காலத்திலும் கால் வைக்கிறது. போர்டு ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டது. சார்ல்ஸ்டன் ஆறாவது மாவட்டத்தில் வரும், அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். 1893-ஐ மட்டும் பார்க்காதீர்கள். முந்தைய இரண்டு மூன்று வருட அறிக்கைகளைப் புரட்டுங்கள், ஒரு விளக்கு கேட்கப்படுவதற்கும் எரிவதற்கும் இடையே காகிதம் நிறைய நடக்கும். மூல ஆவணங்கள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் 26-ஆம் பிரிவில் இருக்கின்றன. கடிதம் எழுதிக் கேட்கும்போது அந்த எண்ணைப் போட்டுக் கேளுங்கள்.

அப்புறம் லைட் லிஸ்ட், அதாவது கப்பல்காரர்களுக்காக வெளியிடும் விளக்குப் பட்டியல். எந்த ஆண்டுப் பட்டியலில் முதன்முதல் வருகிறது, எதில் காணாமல் போகிறது என்று இரண்டு முனையையும் பிடித்தால் போதும், நடுவே உள்ளதைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம். இந்தப் பட்டியலைப் படிப்பதில் நான் சறுக்கிய இடங்களைச் சொல்கிறேன்.

உயரம் என்று ஒரு பத்தி இருக்கும். அது விளக்கு நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் எரிகிறது என்பது, கோபுரத்தின் மொத்த உயரம் அல்ல. நான் 200 அடியை எடுத்துக் கணக்குப் போட்டு, விளக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று பெரிய எண் ஒன்றைக் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கூர்முனையின் நுனியில் யார் விளக்கு வைப்பார்கள்? மைல் என்றால் கடல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர். திசைகள் கடலிலிருந்து விளக்கைப் பார்க்கும் திசைகள். நிலத்தில் நின்று பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும், 180-ஐக் கூட்டியோ கழித்தோ பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பட்டியல்களில் டிகிரிக்குப் பதில் 'நார்த்வெஸ்ட் பை வெஸ்ட்' என்று வரும். திசைகாட்டியின் 32 பங்கில் ஒன்று, அதாவது பதினொன்றேகால் டிகிரி. காந்தத் திசையா உண்மைத் திசையா என்று முன்னுரையில் பார்க்காமல் கோடு போட்டால் விளக்கு வேறு தெருவில் போய் விழும்.

பழைய சார்ட்டுகள், அதாவது கடல் வரைபடங்கள், அமெரிக்கக் கடலளவைத் துறையின் இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. விளக்கு ஏறுவதற்கு முந்தைய சார்ட் ஒன்று, எரிந்த காலத்தது ஒன்று, அணைந்த பிறகு ஒன்று என மூன்றைப் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஆழ எண்கள் மாறியிருப்பது தெரியும். எனக்கு அறிக்கைகளைவிட இதுதான் பிடித்தது.

கட்டடத்திடம் கேட்க வேண்டியவை

இங்கேதான் எல்லோரும் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான். கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கோபுரத்தின் ஆண்டு வேறு, கோயிலின் ஆண்டு வேறு, விளக்கின் ஆண்டு வேறு. செயின்ட் பிலிப்ஸில் 1835-இல் பழைய கட்டடம் எரிந்துபோனது. இப்போதுள்ளதை ஜோசப் ஹைட் வடிவமைத்து 1838-இல் முடித்தார்கள். கோபுரம் எட்வர்ட் பிரிக்கெல் வைட் வடிவமைத்தது, 1848-இல் தொடங்கி 1850-இல் முடிந்தது. 1886 ஆகஸ்ட் 31-ஆம் தேதி நிலநடுக்கம் ஊரையே உலுக்கியபோது இந்தக் கோயிலும் தப்பவில்லை. விளக்கு ஏறியது அதற்கு ஏழு வருடம் கழித்து.

ஒரு விஷயம் மட்டும் என் மனதில் தங்கிவிட்டது. உள்நாட்டுப் போரில் பீரங்கி வார்க்க வேண்டுமென்று இந்தக் கோயிலின் மணிகளைக் கொடுத்துவிட்டார்கள். புது மணிகள் கோபுரத்தில் ஏறியது 1976 ஜூலை 4-இல். ஆக விளக்கு எரிந்த 22 வருடமும் அது மணி இல்லாத மணிக்கூண்டு. இதை ஒரு விடுகதை மாதிரி, ஆலய வேலைகளைப் பார்க்கும் எங்கள் கோயில்பிள்ளையிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மணியை எடுத்துக்கொண்டு போனவர்கள் பெயரைக் கேட்டார்.

பெயர்க்குழப்பம்தான் பெரிய வலை. சார்ல்ஸ்டனில் செயின்ட் மைக்கேல்ஸ் என்று இன்னொரு கோயில், நடந்து போகும் தூரம். அதன் கோபுரம் 186 அடி, வெள்ளை. அதுவும் கப்பல்காரர்களுக்குப் பழைய அடையாளம். 1863 ஆகஸ்டில் வடபடை நகரத்தின்மேல் இரவில் குண்டு வீசியபோது, சேற்றுநிலத்தில் நட்ட பெரிய பீரங்கி ஒன்று செயின்ட் மைக்கேல்ஸ் கோபுரத்தின் திசையைத் திசைகாட்டியில் குறித்துவைத்துக் குறிபார்த்தது. வழிகாட்டும் கோபுரம் எதிரிக்கும் வழிகாட்டும் என்பதை அந்த ஊர் அனுபவித்துத் தெரிந்துகொண்டிருக்கிறது. புரட்சிப் போர்க் காலத்தில் கோபுரத்துக்குக் கறுப்பு வண்ணம் அடித்து மறைக்கப் பார்த்த கதையும் இந்த மைக்கேல்ஸுக்கு உரியது. சுற்றுலாப் புத்தகங்களில் இவை எல்லாம் கலந்து கிடக்கும். கறுப்பு வண்ணமும் கப்பல் விளக்கும் ஒரே பத்தியில் ஒரே கோபுரத்துக்கு எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

இன்னொரு வலை 'லைட்ஹவுஸ்' என்ற சொல். ஊர்க்காரர்கள் எல்லா விளக்கையும் அப்படித்தான் சொல்வார்கள். சார்ல்ஸ்டனுக்கு உண்மையான கலங்கரை விளக்கம் மாரிஸ் தீவில் இருந்தது. போரில் பழையது அழிந்து, 1876-இல் புதியது ஏற்றப்பட்டது. தூரத்துக் கடலிலிருந்து கரையைக் காட்டுவது அதன் வேலை. பக்கத்தில் வந்த கப்பலை வாயிலுக்குள் இழுத்துக்கொண்டு வருவது சம்டரும் செயின்ட் பிலிப்ஸும். இரண்டு வேலையையும் பிரித்து எழுதினாலே கட்டுரை பாதி சரியாகிவிடும்.

எல்லாக் கோபுர விளக்கும் ஜோடியா என்றால், இல்லை. இங்கிலாந்தில் இல்ஃப்ராகூம் துறைமுகத்துக் குன்றின்மேல் இருக்கும் செயின்ட் நிக்கோலஸ் சிற்றாலயம் தனியாகத்தான் விளக்கு காட்டுகிறது. நெதர்லாந்தின் வெஸ்ட்கபெல்லே தனியாகத் தொடங்கி ஜோடியானது. அங்கே 15-ஆம் நூற்றாண்டுக் கோயில் கோபுரத்தில் 1818 முதல் விளக்கு. 1831-இல் கோயில் எரிந்துபோக, கோபுரமும் விளக்கும் மட்டும் மிஞ்சின. 1875-இல் கரையோரம் குட்டையாக ஓர் இரும்பு விளக்கு நட்டு அதற்கு ஜோடி சேர்த்தார்கள். அதனால் 'இன்னொன்று எங்கே' என்ற கேள்விக்கு 'இல்லை' என்ற பதிலும் வரலாம், 'அப்புறம் வந்தது' என்ற பதிலும் வரலாம். கேட்காமல் மட்டும் விடாதீர்கள்.

பழக வேண்டுமானால்

அமெரிக்கா வரை போக முடியாதவர்கள் சென்னையில் பழகிக்கொள்ளலாம். கோயில் கோபுரம் இல்லை, நீதிமன்றக் கோபுரம். உயர் நீதிமன்றக் கட்டடம் திறந்தது 1892, அதன் உச்சியில் விளக்கு ஏறியது 1894, மெரினாவுக்கு இடம் மாறியது 1977. வளாகத்துக்குள் நிற்கும் கல்தூண் அதற்கு முந்தைய 1844-ஆம் ஆண்டு விளக்கு. அதற்கும் முன்னால் 1796 முதல் கோட்டைக்குள் இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில் தேங்காய் எண்ணெய் விளக்கு. நான்கு விளக்கு, நான்கு இடம், ஒன்றன் படத்துக்குக் கீழே இன்னொன்றின் ஆண்டை எழுதியிருப்பதை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். மாமல்லபுரத்தில் பல்லவர் கட்டிய ஒலக்கணேசுவரர் கோயிலின் தலையில் வெள்ளைக்காரர்கள் விளக்கு வைத்திருந்ததையும், பக்கத்தில் கல்லால் தனிக் கோபுரம் கட்டிய பிறகு அதை எடுத்ததையும் அங்கேயே போய்ப் பார்க்கலாம். சாமி வீட்டுக் கூரையில் கப்பல் விளக்கு வைப்பது அமெரிக்காவில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை.

கடைசியாக, போக வாய்ப்புக் கிடைத்தால் கோயில் வாசலில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சம்டர் கோட்டைக்குப் படகு ஓடுகிறது, ஏறிப் போங்கள். கோட்டையின் நகரம் பார்த்த மதிலில் நின்று திரும்பிப் பாருங்கள். ஊசி ஊசியாகக் கோபுரங்கள் தெரியும், அந்த ஊருக்குப் புனித நகரம் என்று பட்டப்பெயரே உண்டு. முதலில் வெள்ளையாக நிற்கும் செயின்ட் மைக்கேல்ஸைக் கண்டுபிடியுங்கள். கையை முழுக்க நீட்டி இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் மூன்று நான்கு டிகிரி வரும். மைக்கேல்ஸின் வலது பக்கம் அந்த இரண்டு விரல் அகலம் தள்ளி நிற்பது செயின்ட் பிலிப்ஸ். பிறகு அப்படியே அதற்கு முதுகைக் காட்டிக் கடல் பக்கம் திரும்புங்கள். உங்கள் மூக்கு காட்டும் திசையில்தான் கப்பல்கள் வரும். நான் போன அன்று பெரிய கண்டெய்னர் கப்பல் ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. அதன் பிரிட்ஜில் யாரும் கோபுரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் மட்டும் படகு கிளம்பும் மணி அடித்தும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தேன், தாத்தா நிற்பது போல.